கோட்டையும் கடலும்

நுழையும்முன்

தமிழகத் துறைமுகங்கள் வணிகப் பண்டங்களுக்கு மட்டும் வாயில்களாக இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பீரங்கிகளும் படைவீரர்களும் வெடிமருந்தும் அவற்றின் வழியாகவே வந்திறங்கின. கடலிலிருந்து தொலைவில், திண்டுக்கல் மலைக்கோட்டையில் தம் வளர்ச்சிக்கு அடித்தளமிட்ட ஓர் ஆட்சியாளர், பிற்காலத்தில் கடலூர்த் துறையை நாடிச் சென்றது ஏன்? அவருடைய வாழ்வே அதற்கு விடை கூறுகிறது.

திண்டுக்கல்லில் தொடக்கம்

இன்று நாகல் நகர் முதலிய பகுதிகளோடு பரந்து விளங்கும் திண்டுக்கல் நகருக்கு, மலைக்கோட்டையே அடையாளம். மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்த அக்கோட்டைக்கு 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்தவர் ஐதர் அலி. கோலார் அருகேயுள்ள பூதிக்கோட்டையில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தவர், ஏட்டுக்கல்வி பெறாதவர். 1749இல் நடந்த தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய வீரத்தால் உயர்ந்தவர்.

சுற்றியிருந்த பாளையங்களைப் பணியவைத்து வரி திரட்டிய ஐதர் அலி, பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு திண்டுக்கல்லில் படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்கு அவர் அளித்த ஆதரவும் இந்நிலப்பகுதியோடு தொடர்புடையது.

துறைமுகம் தந்த பாடம்

1760இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டனர். பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு உதவ ஐதர் அலி படையனுப்பினார். எனினும், தரையிலும் கடலிலும் சூழப்பட்ட அந்நகரம் உணவின்றித் தவித்து, 1761 ஜனவரியில் வீழ்ந்தது. அதே ஆண்டில் மைசூரின் ஆட்சியதிகாரம் ஐதர் அலியின் கைக்கு வந்தது.

1763இல் பெத்னூரை வென்றபோது மங்களூர்த் துறைமுகம் அவருக்குக் கிடைத்தது. அவர் கப்பற்படை அமைக்க முற்பட்டார். ஆயினும் அது நிலைபெறவில்லை. முதல் மைசூர்ப் போரின் இறுதியில், 1769இல் சென்னையின் வாயில்வரை சென்று ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். ஆனால், பின்னர் மராத்தியர் படையெடுத்தபோது ஆங்கிலேயர் ஒப்புக்கொண்ட உதவியை அளிக்கவில்லை. 1779இல், மேற்குக் கரையில் தமக்குப் படைக்கலங்கள் வந்துசேர்ந்த மாகித் துறைமுகத்தையும் அவர்கள் கைப்பற்றவே, போர் தவிர்க்க முடியாததாயிற்று.

கடலூர்க் களம்

1780இல் ஐதர் அலி பெரும்படையோடு கருநாடகப் பகுதிக்குள் நுழைந்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது, ஆர்க்காடு வீழ்ந்தது. 1781 பிப்ரவரியில் தளபதி அயர் கூட் தம் படையுடன் கடலூரில் தங்கியிருந்தார். தரைவழிகளை ஐதர் அலி அடைத்துவிட்டார். கடலிலோ பிரெஞ்சுக் கப்பல்கள் நின்றன. இன்னும் சில நாள்கள் அவை அங்கேயே நின்றிருந்தால் ஆங்கிலப் படை பட்டினியால் பணிந்திருக்கக்கூடும். ஆனால், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் திரும்பிச் சென்றுவிட்டார். கடல்வழி திறந்தது, ஆங்கிலேயருக்கு உணவு வந்துசேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைப் போரில் ஐதர் அலி தோல்வியுற்றார். நவம்பரில் டச்சுக்காரரின் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

1782இல் சஃப்ரன் தலைமையில் புதிய பிரெஞ்சுக் கடற்படை வந்தது. பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சு வீரர்கள் இறங்கினர். ஏப்ரலில் கடலூர், ஐதர் அலி - பிரெஞ்சுக் கூட்டுப்படையிடம் பணிந்தது. கீழைக்கரையில் படை இறக்கவும் கப்பல்களைப் பழுதுபார்க்கவும் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஜூலையில் கடலூர் அருகே சஃப்ரனும் ஐதர் அலியும் நேரில் சந்தித்தனர்.

இப்போர்களின் சுமையைத் தாங்கியவர்கள் உழவர்களே. எதிரிக்கு உணவு கிடைக்காதிருக்க ஐதர் அலியின் படை வயல்களையும் ஊர்களையும் அழித்தது. வாழ்விழந்த மக்கள் சென்னையை நோக்கித் திரண்டனர். பஞ்சம் பலரைப் பலிகொண்டது. அவருடைய போர்த்திறனைப் போற்றும் வரலாறு, இத்துயரையும் மறத்தல் ஆகாது.

முடியாத போர்

நோயுற்றிருந்த ஐதர் அலி, 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே தம் பாசறையில் மறைந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் போரைத் தொடர்ந்தார். 1783 ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டனர். இருதரப்பிலும் வீரர்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் அமைதிக்கு உடன்பட்ட செய்தி கப்பலில் வந்தது. பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்தினர். திப்பு தனித்து நின்றார்.

கோட்டைகளையும் குதிரைப்படையையும் தம் ஆற்றலால் உருவாக்கிய ஐதர் அலி, கடலில் மட்டும் அயலாரின் கப்பல்களை நம்ப வேண்டியிருந்தது. அக்கப்பல்கள் வருவதையும் நிற்பதையும் திரும்புவதையும் முடிவுசெய்யும் உரிமை அவரிடம் இல்லை. தரையில் அவர் பெற்ற வெற்றிகள் நிலைக்காமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம். திண்டுக்கல் மலைக்கோட்டையையும் கடலூர்த் துறையையும் இணைத்துக் காணும்போதே அவர் வாழ்வின் பெருமையும் எல்லையும் நமக்கு ஒருங்கே விளங்கும்.