முத்துச்சலாபம் பாடிய பிரெஞ்சுக் கதைஞர்

நீர்மூழ்கியையும் சந்திரப் பயணத்தையும் முன்னரே கற்பனையிற் கண்டவர் என்று யூல் வேர்ணைப் பலரும் போற்றுவர். யான் போற்றுவதற்குக் காரணம் வேறு.

பிரான்சின் நாந்து துறைமுக நகரில் 1828 பெப்ரவரி 8ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் அத்தொழிலையே மேற்கொள்ள விரும்பினார். சட்டம் பயிலப் பாரிசு சென்ற மைந்தரோ நாடகம் எழுதுவதிலும், நூலகங்களிற் பூமிசாத்திரமும் விஞ்ஞானமும் கற்பதிலும் ஈடுபட்டார். 1857இல் மணம் புரிந்தபின் குடும்பம் பேணப் பங்குச் சந்தையில் தொழில் பார்த்தார். 1863இல் எட்செல் என்னும் பதிப்பாளர் ‘பலூனில் ஐந்து வாரங்கள்’ என்ற நாவலை வெளியிட, அன்றுதொட்டு எழுத்தே அவர் வாழ்வாயிற்று. அவர் வாழ்நாளில் வெளிவந்த பயண நாவல்கள் ஐம்பதைக் கடந்தன.

1869இலும் 1870இலும் வெளிவந்த கடலடிப் பயணக் கதையின் தலைவன் நீமோ. உருசியராற் குடும்பம் இழந்த போலந்துப் பிரபுவாக அவனைப் படைக்க வேர்ண் எண்ணினார். உருசியாவில் நூல் விலைபோகாதென அஞ்சிய எட்செல் இசைந்திலர். ஆதலின் நீமோ நாடு அறியப்படாதவன் ஆயினான். 1875இல் நிறைவுற்ற ‘மர்மத் தீவு’ நாவலிலேயே, அவன் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பொருத புந்தேல்கண்டு இளவரசன் என்பது வெளிப்பட்டது.

அதற்கு முன்னரே குறிப்பொன்றை ஆசிரியர் நம் மன்னார்க் கடலில் வைத்திருந்தார். முத்துக்குளிப்புப் பருவம் தொடங்குமுன் தனித்து வந்த ஏழையொருவன், காலிற் கல்லைப் பற்றி மூழ்குகிறான், சுறா பாய்கிறது. நீமோ உடைவாளுடன் இடைபுகுந்து அவனைக் காத்து, முத்துப் பையொன்றை ஈகிறான். உலகை வெறுத்தவனென நாம் எண்ணியவன், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உறவினன் எனக் காண்கிறோம். இலங்கையில் ஒருநாளும் கால்வையாத வேர்ண், நூலறிவும் நெஞ்சிரக்கமும் கொண்டு இதனை வரைந்தார்.

1886இல் மனநிலை பிறழ்ந்த தம்பி மைந்தர் சுட்டதனால் அவர் கால் ஊனமுற்றது. எனினும் எழுத்தை நிறுத்தவில்லை. 1888இல் அமியேன் நகரசபை உறுப்பினராகி ஊர்ப்பணியும் ஆற்றினார். சிறுவர்க்குக் கதை சொல்பவர் என்றே பெரும்புலவர் பலர் அவரை ஒதுக்கினர்; அவர் விரும்பிய பிரெஞ்சு இலக்கியப் பேரவை இடமளிக்கவில்லை. 1905 மார்ச்சு 24ஆம் நாள் மறைந்தார்.

காரைதீவில் 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்றவர். அவர் வழிவந்த மட்டக்களப்பு மாணவர்க்கு யான் கூறுவது இது: பொறிகளைப் புனைதல் எளிது, அப்பொறியினுள்ளே ஏழையின் துயருக்கு இடம் வைப்பதே இலக்கியம். வேர்ணின் பொறிகள் பழையனவாயின; மன்னார்க் கடலிற் காத்தவன் கை இன்றும் பழையதாகவில்லை.