ஏமி கார்மைக்கேல்

ஏமி வில்சன் கார்மைக்கேல் (டிசம்பர் 16, 1867 - ஜனவரி 18, 1951) அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கிறித்தவ மதப்பணியாளரும் எழுத்தாளரும் ஆவார். டோனாவூரில் குழந்தைகளுக்காக இவர் நிறுவிய இல்லம் பின்னாளில் டோனாவூர் ஐக்கியம் என்னும் அமைப்பாக வளர்ந்தது. குழந்தைகளைக் காத்தவர் என்ற முறையிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் இவரது வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகள் நோயுற்ற நிலையில் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. இவருடைய நூல்களுள் பரவலாகப் படிக்கப்படும் சில அக்காலத்தில் எழுதப்பட்டவையாகும்.

இளமையும் உடல்நிலையும்

டவுன் மாவட்டத்தைச் சேர்ந்த மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில், மாவு ஆலை நடத்திய பிரெசுபிட்டீரியன் குடும்பமொன்றில் ஏழு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தை 1885 ஆம் ஆண்டில் காலமானார். பெல்ஃபாசுட்டு நகரின் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே இவர் தமது சமயப் பணியைத் தொடங்கினார். கெசிக் மாநாட்டை நிறுவியவர்களுள் ஒருவரான இராபர்ட் வில்சன் என்ற முதியவர் இவரைத் தம் மகளாகவே கருதித் தமது இல்லத்தில் வைத்திருந்தார். வில்சன் என்ற பெயரை ஏமி தம் பெயருடன் இணைத்துக்கொண்டது இதனாலேயே.

இவரது உடல்நிலை தொடக்கம் முதலே நலிவுற்றிருந்தது. சீனாவில் பணியாற்ற விரும்பியபோது மருத்துவர் தகுதிச் சான்று அளிக்க மறுத்துவிட்டார். 1893 இல் சப்பான் சென்றவர் ஏறத்தாழ பதினைந்து மாதங்களில் கடும் தலைவலியாலும் நரம்பு வலியாலும் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. சிறிது காலம் இலங்கையில் தங்கினார். வில்சன் நோயுற்ற செய்தி கிடைத்ததும் இங்கிலாந்து திரும்பினார். பின்னர் 1895 இல் இந்தியாவுக்கு வந்து பெங்களூரில் பணியில் சேர்ந்தபோது டெங்குக் காய்ச்சல் இவரைத் தாக்கியது. இத்தகைய உடலுடன் வந்தவர் நெடுநாள் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று எவரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 1895 க்குப் பின் இவர் ஒரு முறைகூடத் தாயகம் திரும்பவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து இந்தியாவிலேயே வாழ்ந்து மறைந்தார்.

டோனாவூர்

தாமசு வாக்கர் என்ற மதப்பணியாளரிடம் தமிழ் கற்ற ஏமி, திருநெல்வேலிப் பகுதிக்கு வந்து பண்ணைவிளையில் தங்கினார். 1901 மார்ச் மாதத்தில், கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமியொருத்தி தப்பி வந்து இவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன் பின்னர் குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். டோனாவூர் அவர்களின் நிலையான இருப்பிடமாயிற்று. (புருசிய நாட்டுப் பிரபு டோனா என்பவரின் கொடையால் உருவான ஊராதலால் இப்பெயர் ஏற்பட்டது.) 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

ஏமியை அனைவரும் அம்மா என்று அழைத்தனர். இந்தியப் பெண் ஊழியர்கள் அக்காள் என்றும், ஐரோப்பியப் பெண்கள் சித்தி என்றும், ஆண்கள் அண்ணாச்சி என்றும் அழைக்கப்பட்டனர். பல குழந்தைகளின் பிறந்த நாள் தெரியாததால், அவர்கள் இல்லத்திற்கு வந்த நாளே கொண்டாடப்பட்டது. பணத்திற்காக எவரிடமும் கேட்பதில்லை என்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்தனர். 1919 இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-இந்து பதக்கம் வழங்கியபோது ஏமி அதனை ஏற்கத் தயங்கினார், விழாவுக்கும் செல்லவில்லை. இந்துக் கோயில் வழக்கங்களைப் பற்றி இவர் எழுதியவை ஒருதலைப்பட்சமானவை என்ற விமர்சனமும் உண்டு. மதராசு மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கம் 1947 ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

1931 ஆம் ஆண்டு விபத்து

1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருத்துவப் பணிக்கென வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த வீடொன்றைப் பார்வையிட ஏமி சென்றார். மாலை மங்கிய வேளை. கழிவறைக்காகத் தவறான இடத்தில் தோண்டப்பட்டிருந்த குழியில் கால் இடறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடிபட்டது. அப்போது இவருக்கு வயது 63. சரக்குந்தில் ஏற்றி நெய்யூர் மிசன் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். எவரெசுட்டுப் பயணங்களில் பங்கேற்ற மருத்துவர் சாமர்வெல் பணியாற்றிய மருத்துவமனை இது. டோனாவூர்க் கைக்குழந்தைகளுக்கென ஏமியின் உற்ற துணையாயிருந்த பொன்னம்மாள் முற்காலத்தில் காப்பகம் நடத்தியதும் இதே நெய்யூரில்தான்.

சில மாதங்களில் நடமாட முடியும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. முதுகெலும்பு மூட்டு அழற்சி, நரம்பு வலி, உறக்கமின்மை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தம்மை இறைவனின் பணிக்கு மேலும் தகுதியாக்குமாறு விபத்து நாளன்று காலையில் இவர் வேண்டிக்கொண்டதாகவும், அந்த வேண்டுதலுக்குக் கிடைத்த விடையே இவ்விபத்து என்றும் பிற்காலத்தில் பலர் எழுதியுள்ளனர். இது சற்று எளிமையான விளக்கம். ஏமியும் அவருடன் இருந்தவர்களும் வேண்டியது குணமடைதலையே. அது கிட்டவில்லை. அதன் பின்னும் நம்பிக்கையுடன் வாழ்வது எவ்வாறு என்பதே இவரது பிற்கால எழுத்தின் மையமாயிற்று.

நோயாளிக்காக நோயாளி எழுதியவை

நோயாளிகளுக்கு ஆறுதல் கூறும் நூல்களைப் படித்த ஏமிக்கு அவற்றுள் பல உதவவில்லை. அவை நலமாக இருப்பவர்கள் நோயுற்றோருக்கு எழுதியவை என்பதே காரணம் என்று இவர் கண்டார். டோனாவூரோடு தொடர்புடைய நோயாளிகள் குழுவொன்றுக்குத் தாமே கடிதங்கள் எழுதலானார். அவை தொகுக்கப்பட்டு 1933 இல் ரோசு ஃபிரம் பிரையர் என்ற நூலாக வெளிவந்தன. வலி மிகுந்த இரவுகளில் எவ்வளவு உயர்ந்த சொற்களும் எட்டாமற் போவதை இதில் இவர் மறைக்கவில்லை. தமக்கு நேர்ந்ததை மனமுவந்து ஏற்பதற்கும், வேறு வழியின்றி அடங்கிப்போவதற்கும் உள்ள வேறுபாடு இவரது எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

கோல்டு கார்டு (1932), கோல்டு பை மூன்லைட் (1935), இஃப் (1938), கோகிலா (1939) முதலியவையும் படுக்கையிலிருந்து எழுதப்பட்டவையே. இவ்வாறு விபத்துக்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. இவற்றுடன் இல்லத்தாருக்குச் சிறு குறிப்புகளும் ஓயாது எழுதினார். எழுந்து நடக்க இயலாத நிலையிலும் டோனாவூரின் தலைமை இவரிடமே இருந்தது. குழந்தைகளும் ஊழியர்களும் தத்தம் சிக்கல்களுடன் இவரது அறைக்கு வந்து சென்றனர். ஒருவரையே இவ்வளவு சார்ந்திருந்த அமைப்பில் பொறுப்பை மாற்றுவது எளிதாக இல்லை. தமக்குப் பின் பொறுப்பேற்பார் என இவர் நம்பியிருந்த காட்ஃப்ரி வெப்-பெப்லோ 1949 இல் காலமானது பேரிழப்பாயிற்று.

இறுதி நாட்கள்

1948 ஜூன் மாதத்தில் ஏமி தமது அறையிலேயே மீண்டும் விழுந்து எலும்பு முறிவுக்கு உள்ளானார். அதன் பின்னர்ப் படுக்கையை விட்டு எழவே இயலவில்லை. 1951 ஜனவரி 18 அன்று, தமது 83 ஆம் வயதில் டோனாவூரில் காலமானார். தமது கல்லறைமீது நினைவுக்கல் எதுவும் வைக்கக்கூடாது என்று முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறே வளாகத்து மரங்களின் கீழ் நினைவுக்கல் இன்றி அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவ்விடத்தில், பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்று அம்மா என்ற சொல் பொறிக்கப்பட்டு வைக்கப்பட்டது.

பிராங்க் ஹாட்டன் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1953 இலும், எலிசபெத் எலியட் எழுதியது 1987 இலும் வெளிவந்தன.