ஜேன் ஆஸ்டின் அம்மையார்

நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயருக்குப் புனித டேவிட் கோட்டை இருந்தது. கைப்பொருள் இல்லாத பிலடெல்பியா என்னும் ஆங்கிலப் பெண், கணவனைத் தேடி 1752-இல் கப்பலேறி வந்து, மறு ஆண்டே அக்கோட்டையின் மருத்துவரை மணந்தாள். சீர் கொடுக்க வழியற்ற குலமகளிர் சிலருக்கு அந்நாளில் அதுவே கதி. அவளுடைய தம்பி மகளே நாம் இங்கு நினைவுகூரும் ஜேன் ஆஸ்டின்.

ஜேன் 1775 டிசம்பர் 16-ஆம் நாள் ஹாம்ப்ஷயரிலுள்ள ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ போதகர். மக்கள் எண்மர், வருவாயோ சிறிது. இருபதாம் வயதில் டாம் லெஃப்ராய் என்ற சட்ட மாணவருடன் நடன விருந்துகளில் நெருங்கிப் பழகினார். அவ்விளைஞரும் உறவினர் கையை எதிர்பார்த்தவர். சில வாரங்களில் உறவினர் அவரை ஊரைவிட்டு அனுப்பிவிட்டனர்.

1802 டிசம்பரில் நிகழ்ந்ததே நம் உள்ளத்தை மிகுதியும் தொடுகிறது. பெரும் பண்ணையின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் பெண் கேட்டார். அவருக்கு வயது 21, ஜேனுக்கு 26. இசைந்தால் பெற்றோருக்கும் தமக்கைக்கும் கவலை தீரும். ஜேன் இசைந்தார். பொழுது விடிந்ததும் இயலாது என்று கூறி, தமக்கையுடன் அவ்வீட்டினின்றும் புறப்பட்டுவிட்டார். நிச்சயித்த மறுநாளே மணத்தை முறிப்பது நம் வீடுகளில் எத்துணைப் புயலை எழுப்பும்!

அதற்கு விலையும் கொடுத்தார். 1805-இல் தந்தையார் மறைந்தபின், தாயும் இரு பெண்களும் சகோதரர் உதவியால் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தனர். 1809-இல் தமையன் எட்வர்டு சாட்டன் என்னும் ஊரில் அளித்த சிறு வீட்டிலேதான் எழுத்துப்பணி தழைத்தது. 1811-இல் வெளிவந்த முதல் நாவலில் ஆசிரியர் பெயர் இல்லை; ஒரு சீமாட்டி எழுதியது என்ற குறிப்பே இருந்தது. 1813-இல் வந்த ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ நாவலின் உரிமையை 110 பவுனுக்கு விற்றார்.

அந்நாவலில் ஐந்து பெண்களைப் பெற்றவரின் நிலம் ஆண்வாரிசான உறவினனுக்கே சேரவேண்டும். அவனே பெண் கேட்டு வருகிறான். எலிசபெத் மறுக்கிறாள். அவளுடைய தோழி சார்லட், 27 வயதினள், அவனையே மணந்து வீடு வாசல் பெறுகிறாள். சார்லட்டை ஆசிரியர் இகழவில்லை என்பதே நம் கருத்து. கடலூருக்கு வந்த அத்தையை அறிந்தவரல்லரா! எலிசபெத்துக்கோ காதலும் மாளிகையும் ஒருங்கே கிட்டுகின்றன. எழுதியவருக்கு இரண்டும் கிட்டவில்லை.

1817 ஜூலை 18-ஆம் நாள் வின்செஸ்டர் நகரில், 41-ஆம் வயதில், ஜேன் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் தமையன் ஹென்றி எழுதிய முன்னுரையாலேயே, அந்நாவல்களின் ஆசிரியர் யாரென்பது வாசகர்களுக்கு வெளிப்படையாகத் தெரிந்தது.