தனித்து நின்ற நியாயாதிபதி

நியாயஸ்தலத்தில் எண்ணிக்கையே ஜெயிக்கிறது. எண்ணிக்கை ஜெயித்த இடத்திலெல்லாம் நியாயமும் ஜெயித்துவிட்டதாக நாம் ஒப்புவதற்கில்லை. ஜான் மார்ஷல் ஹார்லனின் வாழ்க்கை இதற்குத் தக்க அத்தாட்சியாகும்.

அமெரிக்காவின் கென்டக்கி ராஜ்யத்தில், 1833-ம் வருஷம், அடிமைகளை வைத்திருந்த ஒரு வக்கீலின் குமாரராக ஹார்லன் பிறந்தார். தாமும் வக்கீலானார். 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டதும், தேசம் பிளவுபடலாகாதென்று ஐக்கியத்தின் பக்கம் நின்று போர் புரிந்தார். ஆயினும் அடிமைகளின் விடுதலைக்கு அவர் அப்பொழுது விரோதியே. அடிமை முறையை ஒழித்த 13-வது அரசியல் சட்டத் திருத்தத்தையும் எதிர்த்தார். யுத்தத்திற்குப் பின் கறுப்பு மக்கள்மீது கொடுமைகள் பெருகின. ஹார்லன் மனம் மாறினார். 1871-ல் ரிபப்ளிகன் கட்சியின் சார்பில் கவர்னர் பதவிக்கு நின்றபோது, தமது பழைய கொள்கை பிழையென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். தேர்தலில் தோற்றார், கொள்கையில் தோற்கவில்லை.

1877-ல் ஜனாதிபதி ஹேய்ஸ் அவரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக நியமித்தார். விடுதிகளிலும் நாடகசாலைகளிலும் வாகனங்களிலும் நிறபேதம் கூடாதென்று 1875-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1883-ல் நீதிபதிகள் எண்மர் அது செல்லாதென்றனர். ஹார்லன் ஒருவரே மறுத்தார். 1896-ல், ரயிலில் கறுப்பருக்குத் தனி வண்டி வைத்த லூயிஸியானா சட்டத்தை எழுவர் ஆமோதித்தனர். அப்பொழுதும் மறுத்தவர் அவர் ஒருவரே. அரசியல் சட்டம் நிறத்தைப் பார்ப்பதில்லை என்பதே அவர் வாதம். 1857-ல் அடிமை முறைக்கு அரணாய் நின்ற டிரெட் ஸ்காட் தீர்ப்பைப் போலவே இதுவும் கேடு விளைக்கும் என்று அவர் எச்சரித்தார்.

அவரிடமும் களங்கம் இருந்தது. அதே மறுப்பில் சீனரை இழிவாகவே பேசினார். அமெரிக்காவில் பிறந்த சீனருக்குப் பிரஜா உரிமை உண்டென்ற 1898-ம் வருஷத்துத் தீர்ப்பிலும் மாறுபட்டு நின்றார். இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

1911-ல் ஹார்லன் காலமானார். 1954-ல் அதே கோர்ட்டு, பள்ளிகளில் நிறபேதப் பிரிவினை செல்லாதென்று ஏகமனதாய்த் தீர்ப்பளித்தது. இடையில் கழிந்த 58 வருஷங்களின் அவமானத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. எனினும், அன்று ஒருவர் தனித்து நின்று எழுதி வைத்ததால்தான், அநீதி எதிர்ப்பின்றிச் சட்டமாயிற்று என்று சரித்திரம் சொல்ல முடியாமற் போயிற்று. சிறுபான்மையாய் நிற்க அஞ்சுவோர் இதைச் சிந்திப்பார்களாக.