மூன்று முட்டைகள்

தென்துருவம் என்றதும் நமக்கு அமுண்ட்சனும் ஸ்காட்டும் நினைவுக்கு வருவர். நான் சொல்ல விரும்புவது ஸ்காட்டுடன் சென்ற ஒரு விலங்கியல் அறிஞரைப் பற்றி. எட்வர்ட் வில்சன் என்பது அவர் பெயர்.

1872-இல் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றார், மருத்துவரும் ஆனார். இளமையிலேயே காசநோய் அவரை வாட்டியது. ஆயினும் 1901-இல் டிஸ்கவரி கப்பலில் அண்டார்க்டிகா சென்று, அங்குள்ள பறவைகளையும் கடல்நாய்களையும் ஆராய்ந்தார். அவற்றை ஓவியமாகவும் தீட்டினார்.

எம்பரர் பெங்குவின் கடுங்குளிர்காலத்தில் முட்டையிடும் பறவை. ஆண் பறவை முட்டையைக் கால்களின்மேல் ஏந்தி, இரண்டு மாதம் உண்ணாமல் அடைகாக்கும். இப்பறவை மிகத் தொன்மையானது என்றும், இதன் கருவை ஆராய்ந்தால் ஊர்வனவற்றிலிருந்து பறவை தோன்றிய வரலாறு விளங்கும் என்றும் வில்சன் நம்பினார். கரு வேண்டுமென்றால் குளிர்காலத்தில்தான் போகவேண்டும்.

1911 ஜூன் 27 அன்று வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் கதிரவன் தலைகாட்டாத இருளில், சறுக்குவண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு கிரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்கு 19 நாட்கள் ஆயின! குளிரோ சுழிக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ் வரை சென்றது. ஐந்து முட்டைகளை எடுத்தனர், இரண்டு உடைந்துபோயின. புயல் கூடாரத்தையே பறித்துச் சென்றது. நற்பேறாக அது மீண்டும் கிடைத்தது. ஆகஸ்ட் 1 அன்று மூன்று முட்டைகளுடன் உயிரோடு திரும்பினர்.

1912 ஜனவரியில் ஸ்காட்டுடன் வில்சன் தென்துருவத்தை அடைந்தார். திரும்பும் வழியில் மார்ச்சு இறுதியில் பனியில் உயிர்நீத்தார். வயது 39.

அந்த முட்டைகள் என்னவாயின? செர்ரி-கரார்ட் அவற்றை லண்டன் அருங்காட்சியகத்தில் சேர்த்தார். 1934-இல் வெளிவந்த அறிக்கை, அவற்றால் புதிதாகப் பெரிதும் விளங்கவில்லை என்றது. வில்சன் நம்பிய கொள்கையும் அதற்குள் செல்வாக்கு இழந்திருந்தது.

அப்படியானால் அவர் உழைப்பு வீண்தானா? வீண் என்று நான் கருதவில்லை. ஒரு கொள்கை தவறு என்று அறியவும் சான்று வேண்டும். அச்சான்றை யாரேனும் போய்த்தான் கொண்டுவர வேண்டும். மேலும், துருவத்திலிருந்து திரும்புகையில் பசியாலும் களைப்பாலும் தளர்ந்த நிலையிலும் வில்சனும் தோழர்களும் சுமார் 16 கிலோ கற்களைக் கைவிடாமல் இழுத்துவந்தனர். அவர்கள் உடல்களோடு அக்கற்களும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் குளொசாப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் இலைப்பதிவு இருந்தது. நம் நாட்டு நிலக்கரிப் படிவுகளிலும் காணப்படும் அதே தாவரம்! பாரதமும் அண்டார்க்டிகாவும் ஒருகாலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று.

பயன் எதில் விளையும் என்று முன்கூட்டி அறிந்தவர் யார்? சோதனைச்சாலையில் எதிர்பார்த்த விடை வராதபோது சோர்ந்துவிடும் நண்பர்கள் வில்சனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.