நிலமளந்த கர்னல் லாம்டன்

ஈஜிபுராவிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் குடியேறி வாழும் நாம், தெற்கேயுள்ள அகரத்து ஏரிக்கரையை எத்தனையோ முறை கடந்து சென்றுள்ளோம். இந்தியப் பெருநிலத்தை அளக்க முற்பட்டபோது, முதற் சங்கிலி அவ்வூர்ப் புறத்தேதான் கிடத்தப்பட்டது என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. அப்பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டனின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடியிற் பிறந்த லாம்டன், கணிதத்தில் தேர்ந்து படையிற் சேர்ந்தார். இளமையின் பெரும்பகுதியை அமெரிக்காவிற் கழித்து, நாற்பது வயதைக் கடந்த பின்னரே இந்தியா வந்தார். 1799இல் சீரங்கப்பட்டணத்தை நோக்கிப் படை நடந்தபோது, ஓரிரவு தம் பிரிவு திசை தவறிப் பகைவர்பால் செல்வதை விண்மீன்களைக் கொண்டே உணர்ந்து தளபதியை எச்சரித்தார் என்பர்.

திப்பு சுல்தான் வீழ்ந்த பின், கைக்கு வந்த நாட்டின் பரப்பும் விளைவும் கம்பெனியார்க்குத் தெரியவில்லை. ஆகவே, உழவும் தொழிலும் கண்டு எழுத டாக்டர் புகானனையும், ஊர் எல்லைகளை வரைய மெக்கன்சியையும் ஏவினர். லாம்டனோ, கீழ்க்கடல் முதல் மேல்கடல் வரை முக்கோணங்களால் நாட்டைப் பிணைத்து, உலகின் வடிவத்தையே ஆராய இசைவு கோரினார். வரியும் படைவழியும் நாடிய அரசு, உலக வடிவுக்கும் பொருள் ஈந்தது வியப்பே. சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாற் போதாதா, இவ்வளவை எதற்கு என நிதி பார்த்த ஓர் உறுப்பினர் எள்ளினாராம்!

1800 அக்டோபரில் பணி தொடங்கிற்று. அகரத்துக்கும் வடக்கே பாணசவாடிக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு நேர்கோடு வகுத்தனர். நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகச் சென்று, அவரால் ஏற்கப்படாமல் இந்தியா வந்தது. வெயிலில் எஃகு நீளுமன்றோ? ஆதலின் மரத்தொட்டிகளில் அதனைக் கிடத்தி, வெப்பமானிகளை வைத்து, ஏறத்தாழ நானூறு முறை எடுத்து வைத்து அளந்தனர். டிசம்பரில்தான் முடிந்தது. சங்கிலி சுமந்தோரும் முளை அறைந்தோரும் நம் நாட்டுத் தொழிலாளரே. அவர்தம் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

இங்கிலாந்தினின்று வந்த அரை டன் எடையுள்ள கோணமானியைக் கடலிற் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். பின்னர்ப் பெருந்தன்மையுடன் திருப்பி அனுப்பினர். 1802இல் பரங்கிமலை அருகே புதிய அடிக்கோடு அளக்கப்பட்டது. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்து, 1804இல் பெங்களூரில் மீண்டும் ஓர் அடிக்கோட்டை அளந்து ஒப்பிட்டனர். இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் நிலத்தில் அளந்த நீளத்துக்கும் இடையே நான்கு அங்குல வேறுபாடும் இல்லை! அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசின் பொருளுதவியுடன் லூயிசும் கிளார்க்கும் மிசௌரி ஆற்றின்வழி மேற்கெல்லை காணப் புறப்பட்டனர். 1806இல் அவர்கள் மீண்டனர். லாம்டனுக்கோ மீட்சி இல்லை. அவர் மங்களூரை எட்டியபோது, முன்னைய படங்களில் 400 மைலாயிருந்த குறுக்களவு 360 ஆயிற்று. போரின்றியே நாற்பது மைல் நிலம் மறைந்தது.

1808இல் தஞ்சைக்கு வந்தார். சோழநாட்டுச் சமவெளியில் குன்றுகள் இல்லை; தென்னையோ பார்வையை மறைத்தது. ஆகவே கோயில் கோபுரத்தின்மீது கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. ஐம்பதைக் கடந்த அவர்க்கு வாழ்நாட் பணியே சிதைந்ததாகத் தோன்றியிருக்கும். ஆயினும் எவர்மீதும் பழி சுமத்தாமல் கூடாரத்துள் அடைந்து, வளைந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து நேராக்கினார். ஆறு வாரங்களுக்குப் பின் அளவை தொடர்ந்தது.

கன்னியாகுமரிப் பக்கம் தொட்டு, வடக்கே ஐதராபாத்தையும் கடந்து சென்றார். காடுகளிற் காய்ச்சலால் உடனிருந்தோர் பலர் மாண்டனர். உதவியாளராக வந்த எவரெஸ்டின் பெயர் பின்னாளில் இமயச் சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. லாம்டன் பெயரை எம்மலையும் ஏற்கவில்லை. எழுபதை எட்டிய நிலையிலும் கூடாரத்தை நீங்காத அவர், 1823 ஜனவரி 20ஆம் நாள், நாகபுரி செல்லும் வழியில், வார்தாப் பகுதியிலுள்ள ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவர் உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.