பன்னீர் திராட்சை ஒயினுக்குப் பின்னால் ஒரு பென்னிகுவிக்!

திண்டுக்கல்லில் தேனி பஸ் ஏறினால் செம்பட்டியைத் தாண்டித்தான் போகணும். அந்தப் பக்கம் விளையுற பன்னீர் திராட்சையை நீங்க கண்டிப்பா சாப்பிட்டிருப்பீங்க. கருநீலத் தோல், உள்ளே விதை, கடிச்சதும் லேசான ரோஜா வாசனை. உலகத்துக்கு இது 'மஸ்கட் ஹாம்பர்க்'. அதே ரோட்டில் இன்னும் போனா கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே வருஷம் முழுக்க இந்தத் திராட்சை அறுவடைதான். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு.

பிரியாணிக்கு செட் ஆகுமா?

இந்தத் திராட்சையில் வர்ற ஒயின் அடர்சிவப்பு கிடையாது, இளஞ்சிவப்பு. துவர்ப்பு கம்மி, வாசனை தூக்கல். துவர்ப்பான ஒயின் மிளகாய்க் காரத்தை இன்னும் ஏத்திவிடும். இனிப்பான ஒயின் அதை ஆத்தும். அதனால திண்டுக்கல் சீரக சம்பா பிரியாணிக்கும் மட்டன் சுக்காவுக்கும் லேசா குளிரவெச்ச இந்த ஒயின் நல்ல ஜோடி. குடிக்கிற பழக்கம் இல்லையா? இதே ஜோடிப் பொருத்தம் ஜூஸுக்கும் அப்படியே வேலை செய்யும்.

சரி, மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவுப் பக்கத்துல இருக்கிற பள்ளத்தாக்கில் இவ்வளவு சாறுள்ள பழம் எப்படி? அந்தக் கதையில் ஒரு மனுஷன் இருக்கார்.

எட்டு வயசுல இழந்தது

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15-ல் புனேவில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13, சில்லியன்வாலா போர்ல அப்பாவும், 17 வயசு அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனாங்க. ஜானோட எட்டாவது பிறந்தநாளுக்கு அப்போ ரெண்டே நாள்தான் பாக்கி.

இங்கிலாந்தில் படிச்சு, பொறியாளரா 1860-ல் சென்னைக்கு வந்தார். 1876-78 பஞ்சம் தென் மாவட்டங்களைச் சுருட்டிப் போட்டுச்சு. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு கடலுக்குப் போகுது. இந்தப் பக்கம் வைகை காய்ஞ்சு கிடக்குது. ஆத்தையே திருப்பிவிட்டா என்ன? இது ரொம்ப காலத்து யோசனை. அதை நடக்கக்கூடிய திட்டமா மாத்திக் கொடுத்தவர் இவர்தான்.

வெள்ளம் கொண்டுபோனாலும்...

1887-ல் வேலை ஆரம்பம். யானையும் புலியும் திரியுற காடு. மழைக்காலம் வந்தா, கட்டிவெச்ச தற்காலிக அணைகளை வெள்ளம் அடிச்சுட்டுப் போகும். வெயில் வந்ததும் திரும்ப முதல்ல இருந்து! மலேரியாவும் காலராவும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைக் கொன்னுச்சு. சாராயம் குடிச்சே ஆட்கள் அந்தக் காய்ச்சல் காட்டில் தாக்குப்பிடிச்சாங்கன்னு திட்டத்தோட வரலாற்றை எழுதின மெக்கன்ஸி பதிவு பண்ணியிருக்கார். ஒயின் கதைக்குள்ள இப்படி ஒரு சாராயக் கதையும் இருக்கு!

சொத்தை வித்து பென்னிகுவிக் அணை கட்டினார்னு உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அது மக்களோட அன்பு. செலவு பண்ணினது சென்னை மாகாண அரசு. 80 லட்சம் ரூபாய்க்கும் மேல. ஆனா வெள்ளம் அடிச்சுட்டுப் போன ஒவ்வொரு தடவையும் திரும்ப அதே இடத்துல நின்னாரே, அதுக்கு எந்தக் கதையும் ஈடாகாது.

சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைச்சுக் கட்டின அணை. மலையைக் குடைஞ்சு ஒரு மைலுக்கும் மேல சுரங்கம். 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் திறந்துவெச்சார். தண்ணி கிழக்கே திரும்புச்சு. நெல் வயல் பச்சை பிடிச்சுது, கிணறு ஊறுச்சு. பிற்பாடு அந்த ஈரத்தை நம்பித்தான் கம்பத்தில் திராட்சைப் பந்தல்கள் படர்ந்துச்சு.

பொங்கலும் பிறந்தநாளும்

இங்கிலாந்து திரும்பின பென்னிகுவிக், பொறியியல் கல்லூரித் தலைவரா இருந்தார். பிரிஸ்பேன் வெள்ளத்துக்கு யோசனை சொல்ல ஆஸ்திரேலியாவுக்கும் போனார். 1911 மார்ச் 9-ல் காலமானார்.

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு இப்போ அவர் பேர். கூடலூர் பக்கம் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். ஜனவரி 15 வந்தா அந்த ஊர் விவசாயிகள் அவருக்காகப் பொங்கல் வைப்பாங்க. போர்ல அப்பாவையும் அண்ணனையும் இழந்த அதே வாரத்துல வர்ற பிறந்தநாளை, இன்னொரு தேசம் திருவிழாவா வெச்சிருக்கு.

அடுத்த தடவை பன்னீர் திராட்சையைக் கையில் எடுக்கும்போது சும்மா ஒரு நொடி யோசிச்சுப் பாருங்க. அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணி அது.